கோல் போட்ட பையன் ஏன் பயிற்சிக்குப் போக மறுக்கிறான்?

வாசகியின் கடிதம் (சுருக்கம்)

மேற்கு மாவட்ட நகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். வங்கியில் வேலை பார்க்கிறார், கணவருக்குச் சொந்தத் தொழில். ஒரே மகனுக்கு 12 வயது. மூன்று வருடமாக உள்ளூர் கால்பந்து அகாடமி ஒன்றில் பயிற்சி எடுக்கிறான்.

சென்ற மாதம் 13 வயதுக்குட்பட்டோர் போட்டியின் அரையிறுதியில் மூன்று விஷயங்கள் நடந்தன. முதலாவது ஒரு கார்னர், அதாவது மைதான மூலையிலிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடர்வது. மகன் பந்தை வைத்து, காலால் லேசாக உருட்டிவிட்டு, மனம் மாறியவன்போல் விலகி நடந்தான். அடுத்த பையன் கார்னர் அடிக்க வருவதுபோல் நிதானமாக வந்து, பந்தைத் தள்ளிக்கொண்டு கோலை நோக்கி ஓடினான். எதிரணி சுதாரிப்பதற்குள் கோல். இரண்டாவது, எதிரணிப் பையன் பந்தை எடுக்கப் போகும்போது பின்னாலிருந்து "விடுடா, நான் எடுக்கிறேன்" என்று கத்துவது. தன் ஆள்தான் கத்துகிறான் என்று நினைத்து அவன் பந்தை விட்டுவிடுவான். இதைக் கோச்சே பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

மூன்றாவது கடைசி ஐந்து நிமிடத்தில். ஸ்கோர் 2-2. பந்து எதிரணியிடம் இருக்கும்போது மகனின் அணிப் பையன் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எதிரணிக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்தப் பந்தை வெளியே அடித்தார்கள். விழுந்தவன் எழுந்தான், பக்கக் கோட்டிலிருந்து பந்தைக் கையால் எறியும் த்ரோ மகனின் அணிக்கு. பந்தைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று எதிரணிப் பையன்கள் அசையாமல் நிற்க, த்ரோவை வாங்கிய மகன் நேராகப் போய்க் கோல் போட்டான். 3-2. டீம் அவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது. எதிரணிக் கோல்கீப்பர் அங்கேயே உட்கார்ந்து அழுதான். அதை யாரோ வீடியோ எடுத்து, கிண்டலாக ஒரு வரி போட்டு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள்.

அன்று இரவு மகன் அம்மாவிடம் வந்து, "அவனுக்கு அடியே படலம்மா. கோச் சார் கண்ணைக் காட்டினார், விழுந்தான்" என்று சொல்லியிருக்கிறான். அதிலிருந்து பயிற்சிக்குப் போக மாட்டேன் என்கிறான், சாயங்காலமானால் வயிற்றுவலி என்கிறான். கணவரோ, "மரடோனா கையால கோல் போடலையா? ரெஃப்ரி விசில் அடிக்கலன்னா அது கோல்தான். பிள்ளை பிழைக்கக் கத்துக்கறான்" என்கிறார். இளம் வயதில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆடிய மாமனார் பேரனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"இந்தத் தந்திரங்கள் எல்லாமே பொய்தானே? அகாடமியை விட்டு நிறுத்திவிடட்டுமா? சங்கத்தில் புகார் கொடுத்தால் அந்த மேட்ச் ரத்தாகுமா? என் மகனை எப்படித் திருத்துவது?" என்று கேட்கிறார்.

ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மகனிடம் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடிய நாளில், அப்பா பூரித்துப்போயிருந்த நாளில், யாரும் கேட்காமலே அவன் உங்களிடம் வந்து உண்மையைச் சொன்னான். சொல்லாமல் இருந்திருந்தால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவனுக்குள் இருக்க வேண்டியது சரியாகவே இருக்கிறது. மற்ற எதையும்விட முதலில் இதை நீங்கள் நம்ப வேண்டும். உங்கள் முகத்தில் ஏமாற்றத்தைப் பார்த்துவிட்டால் அடுத்த முறை அவன் சொல்ல மாட்டான்.

அவன் ஏன் இப்படித் தவிக்கிறான் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே, தெருவில் கோலி விளையாடும் சிறுவர்களைக் கவனித்து 1932-இல் தன் முடிவுகளை வெளியிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் கொடுத்த, மாற்ற முடியாத கட்டளை. பத்து, பன்னிரண்டு வயது வாக்கில்தான், அது ஆடுகிறவர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்ட ஏற்பாடு என்பது பிடிபடத் தொடங்குகிறது. உங்கள் மகன் சரியாக அந்த வாசலில் நிற்கிறான். விசில் ஊதப்படவில்லை, எனவே தவறில்லை என்று அப்பாவும் கோச்சும் சொல்கிறார்கள். எதிரே நின்ற பையன்களுக்கும் தனக்கும் நடுவில் இருந்த ஒரு பேச்சை மீறிவிட்டோம் என்று அவனுக்குத் தெரிகிறது. அதை வார்த்தையில் சொல்ல வராததால்தான் வயிறு வலிக்கிறது என்று நினைக்கிறேன். ஆனாலும் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வலியை மனசு என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது.

எல்லாத் தந்திரமும் பொய் இல்லை

இங்கே நீங்கள் நினைப்பதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். எதிராளியை ஏமாற்றாமல் கால்பந்து ஆட முடியாது. இடது பக்கம் சாய்ந்து வலது பக்கம் போவது ஏமாற்று. அடிக்கப் போவதுபோல் காலை ஓங்கி, அடிக்காமல் பந்தை இழுப்பது ஏமாற்று. 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா, மேற்கு ஜெர்மனிக்கு எதிரான கடைசிப் பெனால்டியை ஓங்கி அடிப்பதுபோல் ஓடிவந்து, கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்ததும் நடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்டார். அந்த உதைக்கு இன்றும் அவர் பெயர்தான். அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. கோல்கீப்பரின் வேலையே அடிக்கிறவனைப் படித்து முடிவெடுப்பது, அதில் அன்று அவர் தோற்றார், அவ்வளவுதான்.

உங்கள் மகனின் கார்னரும் இந்த வகைதான். 17-ஆவது விதிப்படி, கார்னரில் பந்து உதைக்கப்பட்டுத் தெளிவாக நகர்ந்துவிட்டாலே ஆட்டம் தொடங்கிவிட்டது. வழக்கமாகக் கார்னருக்கு விசில் தேவையில்லை. முதலில் தொட்டவன் வேறொருவர் தொடும்வரை மறுபடி தொடக் கூடாது, அதுதான் இங்கே முக்கிய நிபந்தனை. எதிரணிப் பையன்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது உருண்டதைக் கண்டிருப்பார்கள். அவர்கள் பார்த்தது ஆளை. பந்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்ற பாடத்தை அவர்கள் அன்று கற்றிருப்பார்கள். 2009 ஜனவரியில் செல்சியாவுக்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெட்டின் ரூனியும் கிக்ஸும் இதே வித்தையைச் செய்தார்கள். கோல் விழுந்தும், பக்கவாட்டு நடுவர் கொடியைத் தூக்கிவிட்டதால் செல்லாமல் போனது. அதனால்தான் அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் இப்படிக் கார்னர் எடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே நடுவர் காதில் போட்டுவைக்கிறார்கள்.

ஆகவே, சகோதரி, அந்தக் கார்னருக்காக மகனைப் பாராட்டுங்கள். மனசார, வாய்விட்டுப் பாராட்டுங்கள். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "எல்லாமே பொய்" என்று நீங்கள் சொன்னால், அவன் ரசித்துப் பழகிய வித்தையும் அழுக்காகிவிடும். அப்புறம் தவறு எங்கே இருக்கிறது என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியாது.

"விசில் அடிக்கலன்னா கோல்தான்" என்கிற உங்கள் கணவருக்கு

இந்தப் பகுதியை அவரிடமும் படிக்கக் கொடுங்கள். அவர் பேச்சில் பாதி சரி. நடுவர் கொடுத்த கோல், கோல்தான். மீதிப் பாதி தவறு. நடுவர் ஊதாததெல்லாம் அனுமதிக்கப்பட்டது என்று ஆகிவிடாது. நடுவர் பார்க்கவில்லை, அல்லது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள். இந்தியாவில் பிள்ளைகள் ஆடுவதும் அவற்றின்படிதான், மைதான அளவு, ஆட்ட நேரம் போன்ற சிலவற்றை இளையோருக்காக மாற்றிக்கொள்ளலாம். 12-ஆவது விதியில் எதற்கெல்லாம் மஞ்சள் அட்டை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எதிராளியை வாய்வார்த்தையால் திசைதிருப்புவது அதில் உண்டு. அதாவது "விடுடா, நான் எடுக்கிறேன்" என்று கத்துவது சாமர்த்தியத்தில் சேராது, மஞ்சள் அட்டைக் குற்றம். நடுவர் கேட்டிருந்தால் ஆட்டத்தை நிறுத்தி எதிரணிக்கு மறைமுக ஃப்ரீகிக் (நேராகக் கோல் போட முடியாத உதை) கொடுத்திருப்பார். அடிபட்டதுபோல் நடிப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. மூன்றாவது சம்பவம், கோலுக்கு முன்னால், அந்தப் பையன் விழுந்த நொடியிலேயே விதியை மீறிவிட்டது.

இன்னும் நுணுக்கமாகவும் விதி பார்க்கிறது. பெனால்டிக்கு ஓடிவரும்போது போக்குக் காட்டலாம். ஓட்டம் முடிந்து அடிக்கும் நேரத்தில் அடிப்பதுபோல் பாவனை செய்து நிறுத்தினால் மஞ்சள் அட்டை. சக வீரன் காலால் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்பதற்காக, அந்தச் சக வீரன் தானே பந்தைக் காலால் தூக்கித் தலையால் தட்டிக் கொடுக்கும் குறுக்குவழிக்கும் மஞ்சள் அட்டை உண்டு. கோல்கீப்பர் அதைக் கையால் தொடாவிட்டாலும் உண்டு. எந்த ஏமாற்று ஆட்டத்தைச் சேர்ந்தது, எது ஆட்டத்துக்கு எதிரானது என்று விதி எழுதியவர்களே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

மரடோனா பேச்சு வந்ததால் அந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1986 ஜூன் 22, மெக்சிகோ சிட்டி, உலகக் கோப்பைக் காலிறுதி. அவர் கையால் தட்டிய கோல் விழுந்து நான்கு நிமிடத்தில் இன்னொரு கோல் போட்டார். தன் பாதி மைதானத்தில் பந்தை வாங்கி, இங்கிலாந்து வீரர்களை வரிசையாகப் போக்குக்காட்டிக் கடந்து, கோல்கீப்பர் ஷில்டனையும் கடந்து போட்ட கோல். இரண்டுமே ஏமாற்றுதான். ஒன்றில் ஏமாந்தவர் நடுவர். இன்னொன்றில் ஏமாந்தவர்கள் அவரைத் தடுக்கவே அங்கே நின்றவர்கள், கண் திறந்திருந்தவர்கள். உங்கள் கணவர் கால்பந்து பார்க்கிறவர் என்று தெரிகிறது. மகன் எந்தக் கோலைப் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவரையே கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாமல் இருக்காது.

விசில் இல்லாவிட்டாலும் விளைவு உண்டு என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். 2012 நவம்பரில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் ஒன்றில், காயத்துக்காக நின்ற ஆட்டம் மறுபடி தொடங்கியபோது, உக்ரைனின் ஷக்தார் அணி மரியாதைக்கு எதிரணியான டென்மார்க்கின் நோர்ட்ஷெல்லாண்டின் கோல்கீப்பரை நோக்கிப் பந்தைத் திருப்பி அடித்தது. அதே அணியின் லூயிஸ் அட்ரியானோ ஓடிப்போய் அந்தப் பந்தை எடுத்துக் கோல் போட்டார். கோல் செல்லுபடியானது. ஆனால் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு பின்னர் அவருக்கு ஓர் ஆட்டத் தடை விதித்தது. உங்கள் மகன் போட்ட கோலுக்கு மிக நெருக்கமான சம்பவம் இது.

அந்த மூன்றாவது கோல்

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

காயத்துக்காக வெளியே அடித்த பந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை. அது ஆடுகிறவர்களிடையே வளர்ந்த வழக்கம். எழுதாத இடத்தில் ஒருவரை ஒருவர் நம்புவதால் மட்டும் நிற்கிற வழக்கம். போக்குக் காட்டும்போது நாம் எதிராளியின் கணிப்பைத் தோற்கடிக்கிறோம். காயம் என்று நடித்து, அவன் நிறுத்தியதும் கோல் போடும்போது, அவனுடைய நல்ல மனதைத் தோற்கடிக்கிறோம். எச்சரிக்கையாக இருந்த பையன் அங்கே தோற்கவில்லை. நம் பிள்ளைக்கு அடிபட்டுவிட்டதோ என்று இரங்கிய பையன் தோற்றான். அடுத்த மேட்சில் அவன் இரங்குவானா?

எனக்கு இதில் பெரிய கவலை உடல் சார்ந்தது. பிள்ளைகள் ஆடும் பல மைதானங்களில் மருத்துவர் இருப்பதில்லை. ஒரு பையன் தலையில் அடிபட்டு விழுந்தால், முதலில் பார்ப்பது பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தான். அவர்கள் நின்றால்தான் ஆட்டம் நிற்கும். 2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் டென்மார்க்குக்கும் பின்லாந்துக்கும் நடந்த ஆட்டத்தில் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் மோதாமலேயே சரிந்து விழுந்தார். இதயம் நின்றுபோயிருந்தது. சுற்றி இருந்தவர்கள் உடனே கையசைத்து அழைத்தார்கள், நடுவர் உடனே நிறுத்தினார், மைதானத்திலேயே இதயத்தை இயக்கி அவரைக் காப்பாற்றினார்கள். மோதாமல் விழுந்தவனை "நடிக்கிறான்" என்று நினைப்பது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். விழுவது ஒரு தந்திரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒவ்வொரு கோச்சும் அந்த நினைப்பைத்தான் வளர்க்கிறார். இதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பொறுப்பு யாருடையது என்பதிலும் நான் தெளிவாக இருக்கிறேன். விழச் சொல்லிக் கண்ணைக் காட்டியது பெரியவர். அமெரிக்காவின் டெக்சாஸில், கார்பஸ் கிறிஸ்டி நகரில், 2010-இல் நடுநிலைப் பள்ளிச் சிறுவர்கள் ஆடிய அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு ஆட்டம்) மேட்ச் ஒன்றின் வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அந்த ஆட்டத்தில் தந்திர ஆட்டம் என்பது பெரிய கலை, வருடம் முழுக்கப் புதிதாக யோசிப்பார்கள். அன்று அபராதமாக ஐந்து கஜம் தள்ள வேண்டும் என்று பயிற்சியாளர் தரப்பிலிருந்தே குரல் வந்தது. பந்தை வாங்கிய பையன் அந்த ஐந்து கஜத்தை அளப்பவன்போல் எதிரணி நடுவே நடந்தே போய், திடீரென்று ஓட்டமெடுத்துப் புள்ளி எடுத்துவிட்டான். லட்சக்கணக்கானோர் பார்த்துச் சிரித்தார்கள். அங்கே சிறுவர்கள் ஏமாந்தது பையனின் நடையால் மட்டும் இல்லை, ஒரு பெரியவர் குரலை நம்பியதாலும்தான். அமெரிக்காவின் பெரும்பாலான மாநில உயர்நிலைப் பள்ளிகள் பின்பற்றும் விதிகள், ஏதோ சிக்கல், ஆட்டம் இப்போது தொடங்காது என்று எதிரணியை நம்பவைக்கும் சொல்லையும் செயலையும் தடுக்கின்றன. மற்றபடி பல தந்திரங்களை அவர்கள் ஆட்டத்தின் பகுதியாகவே விட்டுவிடுகிறார்கள்.

பெரியவர்கள் வேறு மாதிரியும் நடந்திருக்கிறார்கள். 1999 பிப்ரவரியில் இங்கிலாந்து கிளப்பான ஆர்சனல், ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு எதிராக உங்கள் மகனின் அணி மாதிரியே, காயத்துக்காக வெளியே அடித்த பந்தைத் திருப்பிக் கொடுக்கும் த்ரோவில் கோல் போட்டு 2-1 என்று ஜெயித்தது. ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கர் தாமாகவே முன்வந்து, ஆட்டத்தை மறுபடி நடத்தலாம் என்றார். நடத்தினார்கள். மறுபடியும் 2-1 என்று ஆர்சனலே ஜெயித்தது. 2019 ஏப்ரலில் ஆஸ்டன் வில்லாவின் வீரர் கீழே கிடக்கும்போது லீட்ஸ் கோல் போட்டது, மைதானத்தில் கைகலப்பே ஆனது. லீட்ஸ் பயிற்சியாளர் பியெல்சா, எதிரணியைத் தடுக்காமல் ஒரு கோல் போட விடுங்கள் என்று தன் வீரர்களுக்கு உத்தரவிட்டார். அவருடைய அணித் தடுப்பாட்டக்காரர் ஒருவரே அதை ஏற்காமல் தடுக்கப் பார்த்தார். லீட்ஸுக்கு நேரடியாக மேல்நிலை லீகுக்குப் போகும் வாய்ப்பு அந்த 1-1 டிராவோடு முடிந்தது. அந்த வருட ஃபிஃபா நியாய ஆட்ட விருது அவர்களுக்குக் கிடைத்தது. இரண்டு இடத்திலும் முடிவெடுத்தது பயிற்சியாளர். அந்தப் பாரத்தை 12 வயதுப் பையன் தலையில் வைக்காதீர்கள்.

இனி என்ன செய்யலாம்

புகார்: மேட்ச் ரத்தாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். 5-ஆவது விதிப்படி, ஆட்டத்தில் நடந்தவற்றைப் பற்றிய நடுவர் முடிவுகள், கோலும் ஆட்டத்தின் முடிவும் உட்பட, இறுதியானவை. புகார் கொடுத்தால் நடக்கக்கூடியது, விழுந்த பையனையும் உங்கள் மகனையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது. கோச் மறுத்துவிட்டால் பிள்ளைகள் சொல்லுக்கும் பெரியவர் சொல்லுக்கும் மோதல். எனவே முதல் படியாக இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையைச் சொன்னதற்காக மகனையோ மற்றப் பிள்ளைகளையோ கோச் மிரட்டினால், அடித்தால், அவமானப்படுத்தினால், அது வேறு விஷயம். அப்போது அகாடமி நிர்வாகத்துக்கும் போட்டி நடத்தியவர்களுக்கும் எழுத்தில் கொடுங்கள். தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

கோச்சிடம் பேசுவது: இதுதான் முதல் படி. பயிற்சி நேரத்தில் வேண்டாம், மற்றப் பெற்றோர் முன்னால் வேண்டாம், வாட்ஸ்அப்பில் நிச்சயமாக வேண்டாம். கணவரும் நீங்களும் சேர்ந்து போங்கள். மகன் சொன்னான் என்று தொடங்கினால் நாளைக்கு அவன்தான் மாட்டுவான். "மேட்ச் பார்த்தோம் சார், கார்னர் பிரமாதம். காயம் ஆனதாக விழுவதும், எதிரணியைக் கூப்பிட்டு ஏமாற்றுவதும் எங்கள் பையன் செய்ய வேண்டாம் என்று நினைக்கிறோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் பக்கத்தையும் முழுதாகக் கேளுங்கள். கோப்பை வந்தால்தான் அடுத்த வருடம் பிள்ளைகள் சேருவார்கள் என்ற நெருக்கடி பல அகாடமிகளில் இருக்கிறது, சில சமயம் அந்த நெருக்கடியைக் கொடுப்பது பெற்றோர்களாகிய நாமே. "சரிங்க, பார்த்துக்கறேன்" என்று ஒருவர் இறங்கி வந்தால் அவருக்கு ஒரு சீசன் வாய்ப்புக் கொடுக்கலாம். "அப்படின்னா உங்க பையன் பெஞ்ச்லதான் உட்காரணும்" என்று பதில் வந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

அகாடமி மாற்றம்: இதை மகனோடு கலந்து முடிவு செய்யுங்கள். அவன் சோர்ந்திருக்கும் இந்த வாரத்தில் முடிவெடுக்க வேண்டாம். அவன் கால்பந்தை வெறுக்கவில்லை, அந்த மைதானத்துக்குப் போகத்தான் கூசுகிறான். நிறுத்திவிட்டால், உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை, தனக்குப் பிடித்த ஒன்றை இழப்பது என்று அவன் மனதில் பதிந்துவிடும். மாற்றுவதாக இருந்தால், இந்த அகாடமி வழியாக அவன் கிளப் வீரனாகப் பதிவாகியிருக்கிறானா, சீசன் நடுவில் மாறினால் போட்டிகளில் ஆட முடியுமா என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த வீடியோ: இன்றே செய்யுங்கள். அழும் அந்தப் பையனும் யாரோ பெற்ற பிள்ளை, அவன் பெற்றோரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. குழு நிர்வாகிக்குத் தனியாக ஃபோன் செய்து நீக்கச் சொல்லுங்கள், மற்றவர்களும் அனுப்பாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் இதைச் செய்தீர்கள் என்பது உங்கள் மகனுக்குத் தெரியட்டும்.

மகனிடம் பேசும்போது

நீளமாகப் பேச வேண்டாம். மூன்று சம்பவத்தையும் தனித்தனியாக எடுத்து, "இதில் அந்தப் பையன் எதை நம்பி ஏமாந்தான்?" என்று மட்டும் கேளுங்கள். கார்னரில் அவன் தன் கண்ணை நம்பினான். கத்தியபோது தன் நண்பனின் குரல் என்று நம்பினான். கடைசியில் அடிபட்டது நிஜம் என்று நம்பினான். வித்தியாசத்தை உங்கள் மகனே சொல்லிவிடுவான். அவன் சொல்லும்வரை காத்திருங்கள்.

அடுத்து, மைதானத்தில் கோச் ஒன்றைச் சொல்லும்போது மாட்டேன் என்று சொல்வது 12 வயதுப் பையனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரிகிறது என்பதை அவனிடம் சொல்லுங்கள். எதிர்த்துப் பேச வேண்டியதில்லை, ஒரு சின்ன வழி போதும். அடுத்த முறை அப்படி ஒரு த்ரோ தன்னிடம் வந்தால் பந்தை எதிரணிக் கோல்கீப்பரிடம் அடித்துவிடலாம். யாராவது கேட்டால் "பழக்கத்துல அடிச்சிட்டேன் சார்" என்று மழுப்ப வேண்டாம், "அவங்க நமக்காக நிறுத்தினாங்க சார்" என்றே சொல்லலாம். இதை வீட்டில் ஒன்றிரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டால் மைதானத்தில் வாய் வரும். அதற்காகக் கோச் கோபித்துக்கொண்டால் அப்பா அம்மா பேசிக்கொள்வோம் என்று இருவரும் சேர்ந்து அவனுக்கு வாக்குக் கொடுங்கள்.

அந்தக் கோல்கீப்பரிடம் மன்னிப்புக் கேட்கவைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்த எண்ணம் உங்களுக்கு வரும். நீங்களாகச் சொல்லாதீர்கள். வற்புறுத்திக் கேட்கவைத்த மன்னிப்பு இருவருக்கும் சங்கடம்தான். அவனாகவே "நான் அவன்கிட்ட பேசணும்மா" என்றால், அழைத்துப் போங்கள், பக்கத்தில் நிற்காமல் தள்ளி நில்லுங்கள்.

உங்கள் மாமனார் விஷயத்தில் ஒன்று. அவர் கோபம் நியாயமானது, போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு. அன்றிரவு பேரன் உங்களிடம் வந்து சொன்னதை அவரிடம் சொல்லுங்கள். அநேகமாக அது அவருக்குத் தெரியாது. செவன்ஸ் ஆடியவருக்கு இந்த மாதிரி நெருக்கடி எத்தனையோ வந்திருக்கும். அந்தக் காலத்தில் கேப்டன் தவறாகச் சொன்னபோது தான் என்ன செய்தார் என்று பேரனிடம் அவர் பேசினால், அது என் கடிதத்தைவிடப் பெரிய உதவி.

இறுதிப் போட்டி இன்னும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடுவதா வேண்டாமா என்பதை அவனிடமே விடுங்கள். ஆடப் போனால் ஜெயித்தாலும் தோற்றாலும் அரையிறுதி பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம். கோச்சோடு பேசிய பிறகும் வயிற்றுவலி, தூக்கம் கெடுவது, பள்ளிக்கே போக மறுப்பது என்று இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், உங்கள் ஊரிலேயே குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருந்தால் மனநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். முதல் சந்திப்புக்குக் கணவரும் வரட்டும்.